உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும் மட்டக்குதிரை: அரிப்பைத் தணிக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

பழநிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் குளக்கரையுமான இடத்தில் நான்கு மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறேன். மழை விட்டு ஒரு வாரம் ஆனால் போதும், யாராவது போன் செய்வார்கள். "அண்ணே, பிடரியைப் பனைமரத்துல போட்டுத் தேய்க்குது, ரத்தம் வருது. தேங்காய் எண்ணெய் தடவிட்டேன். இன்னும் என்ன தடவட்டும்?"

தடவுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டும், குளிர வைக்க வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் கடிக்கும் பூச்சியையும் விலக்கியாக வேண்டும். வரிசை மாறினால் நல்ல மருந்துகூடக் கெடுதல் செய்துவிடும். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் புண் அழுகும். பேன் இருக்கும் குதிரைக்குக் கற்றாழை பூசினால் பத்து நாள் வீணாகும், அதற்குள் பக்கத்துக் குதிரைக்கும் ஏறிவிடும். அதனால் கீழே உள்ளதை முழுக்க ஒரு தடவை படித்துவிட்டு, அப்புறம் வாளியைத் தூக்குங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு நடுவில் துண்டு தேடி ஓடினால், கிடைத்த தூணில் அது தேய்த்துக்கொள்ளும். பத்து நிமிடம் செய்த வேலை போச்சு. ஆகவே எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு வாளி, மெதுவான பஞ்சு, பழைய பருத்தித் துண்டு நான்கைந்து, ரப்பர் கையுறை, டார்ச், பேன் சீப்பு, கறுப்புத் துணி ஒன்று, ஒட்டும் கண்ணாடி டேப், ஒரு நோட்டு. கழுவுவதற்கு 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிக்கொல்லி உள்ள கால்நடை ஷாம்பு, சாதாரண ஓட்ஸ் இரண்டு கைப்பிடி, அதைக் கட்ட ஒரு மல் துணி. மசாலா கலந்த ஓட்ஸ் பாக்கெட் வேண்டாம். ஈரத்தை வழிக்க, விளிம்பு கூர்மையில்லாத பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருந்தால் நல்லது.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: குதிரையின் எடை. டாக்டர் போனில் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் எந்த மருந்துக்கும் அளவு எடையை வைத்துத்தான். தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பின்தொடையின் கடைசி முனை வரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். என் செவந்திக்குச் சுற்றளவு 140, நீளம் 125. கணக்குப் போட்டால் 206 கிலோ. இதை லாயத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்திருக்கிறேன்.

2. எங்கே தேய்க்கிறது என்று பாருங்கள்

இந்த ஒரு படியைப் பொறுமையாகச் செய்தால் மற்றதெல்லாம் எளிது. காலை வெளிச்சத்தில், குளிப்பாட்டும் முன்னால் பாருங்கள். குளிப்பாட்டிவிட்டால் முட்டை, பொடுகு, பொருக்கு எல்லாம் போய், துப்பே இல்லாமல் ஆகிவிடும்.

பிடரி, வால் அடிக்கட்டை, வயிற்றின் நடுக்கோடு ஆகிய மூன்று இடங்களிலும் தேய்மானம் இருந்தால், பெரும்பாலும் கியூலிகாய்டிஸ் என்னும் பொடிப்பூச்சியின் வேலை. உடம்பு 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆடு வளர்ப்பவர்களுக்கு இது பழைய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்த இனம்தான். குதிரையில் பிரச்சினை வேறு மாதிரி: கடிக்கும் பெண் பூச்சியின் எச்சில் சில குதிரைகளுக்கு ஒவ்வாமல் போகிறது. நான்கு குதிரையில் ஒன்றுக்கு மட்டும் வருவதால், "இதுக்கு மட்டும் கொள்ளு சூடு பண்ணுது" என்று சொல்லித் தீவனத்தை நிறுத்திவிடுகிறார்கள். கொள்ளைக் குறை சொல்ல வேண்டாம். திடீரென்று தீவனம் மாற்றினால் வயிற்றுவலி வேறு வந்து சேரும்.

நெருங்கிப் பார்த்தால் இப்படி இருக்கும். பிடரி மயிரை இரண்டாக வகுங்கள். மயிர் உடைந்து, நுனி குட்டை குட்டையாக நிற்கும். அடியில் தோல் கோரைப் பாய் விளிம்பு மாதிரி மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும். சில இடத்தில் தேன் நிறத்தில் நீர் கசிந்து நாலைந்து மயிரை ஒன்றாக ஒட்டியிருக்கும். அங்கே விரல் நுனியால் மெதுவாகச் சொறிந்தால் குதிரை கழுத்தை நீட்டி, மேலுதட்டைக் கோணிக்கொண்டு, உங்கள் மேல் சாயும். அரிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. விரல் பட்டதும் வெடுக்கென்று விலகினால் அது வலி. அது வேறு கதை.

வால் மட்டும் தேய்ந்து, பிடரியும் வயிறும் சுத்தமாக இருந்தால் கீரிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். குடலில் வாழும் இந்தப் புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையைப் பசைபோல ஒட்டிவிட்டுப் போகும். அதிகாலையில் கண்ணாடி டேப்பை அங்கே அழுத்தி எடுத்து, ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரிடம் கொடுத்தால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். சாணத்தைப் பரிசோதித்தால் இது பெரும்பாலும் தெரியாது.

பிடரி அடியில் வெள்ளையாக ஈர் ஒட்டியிருந்தால் பேன். சீப்பால் வாரிக் கறுப்புத் துணியில் தட்டி, இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். பொடுகு அசையாது, பேன் நகரும். குதிரைப் பேன் மனிதர் மேல் தங்காது, பயப்பட வேண்டாம்.

கால்களின் அடிப்பகுதியில் பொருக்கோடு, தரையில் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் படர்தாமரை. இதில் அரிப்பு குறைவு, ஆனால் நமக்கும் ஒட்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். முதுகில் மழை வழிந்த தடத்தில் பொருக்குக் கட்டி, அதை எடுத்தால் மயிர்க்கற்றை பெயிண்ட் பிரஷ் போலக் கையோடு வந்தால் அது ஈரத்தால் வரும் பாக்டீரியாப் புண். சேணமும் கழுத்துப் பட்டையும் படும் இடத்தில் மட்டும் என்றால் வியர்வை, அழுக்கு, சோப்பு மிச்சம்.

பார்த்ததை எல்லாம் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

3. இவற்றைப் பார்த்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனாலோ, தீவனத்தை ஒதுக்கினாலோ, கண்ணிமையும் மூக்கும் வீங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ குளியல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். மூச்சு வாங்கினால் அது அவசரம். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

காலின் உட்புறத்திலோ வேறெங்கோ முடிச்சுகள் வரிசையாக எழும்பி, உடைந்து, ஒட்டும் சீழ் வடிந்தால் கட்டாயம் தள்ளி நில்லுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் நோய் அப்படித் தோன்றலாம். அது மனிதரையும் தாக்கும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலில் உள்ளது. அந்தக் குதிரையைத் தனியாகக் கட்டி, அதன் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிட்டு, அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தோல் கிழிந்திருந்தால் ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். இந்த நோய்க்குக் குதிரை மாதிரி எளிதில் பலியாகும் கால்நடை வேறில்லை. பனைமரச் சிராய்ப்பு, துருப்பிடித்த கம்பி, சாணத் தரை மூன்றும் சேர்ந்த இடத்தில் இதை ஒத்திப்போடக் கூடாது.

4. குளிர்ந்த தண்ணீரால் தொடங்குங்கள்

அரிப்பை அன்றைக்கே அடக்க உடனடியாகக் கைகொடுப்பது தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி போதும், ஐஸ் வேண்டாம். குழாயில் அழுத்தம் இல்லாமல், முதலில் குளம்பு, முழங்கால், அப்புறம் வயிறு, கடைசியாகக் கழுத்து என்று மேலேறுங்கள். எடுத்ததும் முதுகில் கொட்டினால் குதிரை மிரளும், அடுத்த நாள் வாளியைப் பார்த்தாலே பின்வாங்கும்.

தேய்ந்த இடத்தில் 10 நிமிடமாவது தண்ணீர் ஓடட்டும். குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும், அரிப்பைக் கடத்தும் நரம்புகளை மந்தப்படுத்தும், வியர்வை உப்பையும் தூசியையும் எடுத்துவிடும். வெந்நீர் அப்போதைக்குச் சுகமாகத் தோன்றும், அரை மணி கழித்து அரிப்பை இரட்டிப்பாக்கும். குழாய் இல்லையென்றால் ஈரத் துண்டை மடித்துப் பிடரியில் போட்டு, சூடேறியதும் மாற்றிப் போடுங்கள்.

5. கழுவுதல்: கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை

பொருக்கும் கசிவும் இருந்தால் மட்டும் குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு. தோல் சிவந்து அரிக்கிறது, உடையவில்லை என்றால் ஓட்ஸ் தண்ணீரே போதும்.

ஷாம்புவை நேராக உடம்பில் ஊற்றாதீர்கள். வாளித் தண்ணீரில் கலக்கி, பஞ்சால் ஒற்றி, விரல் நுனியால் மயிர் அடிவரை கொண்டுபோங்கள். பிறகு 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். மருந்து கிருமியைக் கொல்ல அந்த நேரம் வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு இங்கேதான். நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள், "ஷாம்பு கேக்கலை" என்கிறார்கள். கண்ணில் மட்டும் படவே கூடாது, குளோர்ஹெக்ஸிடின் கருவிழியைக் கெடுக்கும். முகத்துக்கு வெறும் ஈரத் துணி போதும்.

ஊறிய பொருக்கு தானாக வந்தால் எடுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். நகத்தால் பிய்த்தால் கீழே இருக்கும் புதுத் தோல் கூடவே வரும். பிறகு அலசுங்கள். இனிப் போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு வாளி. பிடரிக்கு அடியில், வாலின் உட்புறத்தில், முன்னங்கால் இடுக்கில் ஷாம்பு தங்கும். சென்ற வருடம் செவந்தியின் பிடரியில் நானே சரியாக அலசாமல் விட்டு, மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வால் சரியாகிக்கொண்டிருக்கிறது, பிடரி மட்டும் சிவந்து கிடக்கிறது. அன்று முதல் வழியும் தண்ணீரைக் கையில் பிடித்து, விரல்களுக்கிடையே வழுக்குகிறதா என்று பார்த்த பிறகே குழாயை மூடுகிறேன்.

ஓட்ஸ் கழுவல் இதற்குப் பிறகு. மல் துணியில் ஓட்ஸைக் கட்டி, குளிர்ந்த தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள், பால் போல வரும். அந்த மூட்டையாலேயே தேய்ந்த இடத்தில் ஒற்றுங்கள். இதை அலச வேண்டாம். தோலின் மேல் மெல்லிய படலமாக நின்று வறட்சியைத் தடுக்கும்.

முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தினமும் ஷாம்பு போட்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய், வறட்சியே புது அரிப்பாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் ஈரத் துண்டு ஒற்றடம் மட்டும். துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், நம் தலைக்குப் போடும் ஷாம்பு மூன்றையும் தள்ளி வையுங்கள். குதிரைத் தோலின் அமிலத்தன்மை நம் தோலைப் போன்றதல்ல, அது நடுநிலையை ஒட்டியது.

6. உலர்த்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

பிளாஸ்டிக் பட்டையால் மயிர் படிந்திருக்கும் திசையில் தண்ணீரை வழித்துவிடுங்கள். புண் இருக்கும் இடத்தில் பட்டை வேண்டாம். அங்கே துண்டை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் அதற்கு மரத்தில் உரசும் சுகம் நினைவுக்கு வரும், அதுவே உங்கள் கையோடு மல்லுக்கு நிற்கும்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். வெயிலில் காயவைப்பது வேகமாகத் தெரியும், ஆனால் மயிர் உதிர்ந்த தோல் கருகும், முகத்திலும் மூக்கிலும் வெள்ளை உள்ள குதிரைக்கு இன்னும் மோசம். பிடரியைப் பிரித்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் இருந்தால்தான் அடுத்த படி. இதனால்தான் குளியலைக் காலை 9, 10 மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சாயங்காலம் குளிப்பாட்டினால் ஈரத் தோலோடு பூச்சி நேரத்துக்குள் போய் நிற்கும்.

7. இப்போது தடவலாம்

எதைத் தடவினாலும் முதலில் கழுத்தின் நல்ல தோலில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி ஒரு நாள் பாருங்கள். ஏற்கெனவே எதற்கோ ஒவ்வாமல் இருக்கும் தோல் இது.

உடையாத, சூடாகச் சிவந்த இடத்துக்குச் சோற்றுக் கற்றாழை. மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு, சோற்றை நாலைந்து தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்த மஞ்சள் பாலே தோலை அரிக்கச் செய்யும், குதிரை நக்கினால் வயிற்றையும் கலக்கும். கலமைன் லோஷனும் இந்த இடத்துக்குப் பொருந்தும்.

வறண்டு, செதில் செதிலாக இருக்கும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய், விரலில் தொட்டு மெல்லியதாக. ஊற்றினால் தூசி ஒட்டிச் சேறாகிவிடும். கசிந்துகொண்டிருக்கும் புண்ணுக்கு எண்ணெயும் வேண்டாம், மஞ்சள் தூளும் வேண்டாம். தூள் கசிவோடு சேர்ந்து இறுகி மூடியாகிவிடும், அதன் அடியில் சீழ் பிடிக்கும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்புதான்.

8. பொழுது சாயும் முன்: பூச்சியை விலக்குங்கள்

மேலே சொன்ன படிகள் எல்லாம் ஒரு பகலுக்குத்தான். அன்று சாயங்காலம் மறுபடி நூறு கடி விழுந்தால் காலையில் பழைய நிலைதான். இந்தப் படியைச் செய்யாதவர்கள்தான் வருடம் முழுக்க மருந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, குதிரையின் பக்கத்தில் குனிந்து டார்ச்சை வயிற்றின் நடுக்கோட்டில் அடித்துப் பாருங்கள். மிளகுத் தூள் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். விரலால் தொட்டால் சில பறக்கும், சில ரத்தம் குடித்துக் கொழுத்து நசுங்கும். அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் பிறகு கொள்ளைக் குறை சொன்னதில்லை.

இந்தப் பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. மிக மோசமாகப் பறக்கும். லேசான காற்றடித்தாலே தடுமாறும். அதனால் லாயத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் போதும், விலை உயர்ந்த மருந்துகளைவிட அது அதிகம் செய்கிறது. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது குதிரையை உள்ளே கட்டி, காற்று வயிற்றுப் பக்கமாகப் போகும்படி வையுங்கள். காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். வயர் குதிரைக்கு எட்டவே கூடாது, கடித்துப் பார்க்கும்.

கொசுவலை கட்டினேன், பயனில்லை என்பார்கள். சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இது உள்ளே வந்துவிடும், அதைவிட நெருக்கமான வலை வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்கும் வரும், ஆகவே பல்பை லாயத்துக்குள் எரியவிடாமல் பத்தடி தள்ளி மாட்டுங்கள்.

வேப்பிலை மூட்டம் போடுவது நம் மாட்டுக் கொட்டகைப் பழக்கம். குதிரையின் நுரையீரல் புகையைத் தாங்காது, இருமல் பிடித்தால் அது மாதக்கணக்கில் போகும். மூடிய லாயத்தில் வேண்டவே வேண்டாம்.

உறை தைத்துப் போடுங்கள். கடையில் குதிரைப் பூச்சி உறை இங்கே எளிதாகக் கிடைப்பதில்லை. நான் இரண்டு பழைய எட்டு முழ வேட்டியை வைத்துத் தைக்கிறேன். முதுகை மூடி, கழுத்து வரை ஒரு துண்டு, வயிற்றுக்கு அடியில் அகலமாக ஒரு பட்டி. வயிற்றுப் பட்டி இல்லாத உறை பாதி வேலைதான் செய்யும், பூச்சி அங்கேயும் கடிக்கும். தினமும் கழற்றித் தோள்மேட்டிலும் மார்பிலும் உரசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடையாத தோலில் மட்டும், 1 பங்கு வேப்பெண்ணெயை 10 பங்கு தேங்காய் எண்ணெயில் கலந்து வயிற்றுக் கோட்டிலும் பிடரி ஓரத்திலும் பூசலாம். எண்ணெய்ப் படலமே பூச்சிக்குத் தடை. சில மணி நேரம்தான் நிற்கும். வேப்பெண்ணெயைக் கலக்காமல் பூசினால் எரியும்.

இந்தப் பூச்சி முட்டையிடுவது ஈரச் சேற்றிலும் சாணம் கலந்த சகதியிலும். ஒழுகும் தண்ணீர்த் தொட்டியைச் சரி செய்யுங்கள், சாணத்தைத் தினமும் அள்ளித் தூரத்தில் குவியுங்கள். முடிந்தால் குளக்கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, காற்றடிக்கும் மேட்டில் கட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் அது பறந்து வருவதில்லை.

9. பேன், கீரிப்பூச்சி என்று தெரிந்தால்

பேனுக்கு மருந்து டாக்டர் சொல்லும் பெர்மெத்ரின் வகை, அவர் சொல்லும் அளவில். இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும், ஏனென்றால் மருந்து ஈரைக் கொல்லாது. முதல் தடவையோடு நிறுத்துகிறவர்களுக்குத்தான் பேன் "திரும்பி வருகிறது". எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் போடுங்கள். பிரஷ், சேணத்துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ் இருக்கட்டும். இந்த மருந்து பூனைக்கும் மீனுக்கும் விஷம், கழுவிய தண்ணீரைக் குளத்தில் விடாதீர்கள்.

கீரிப்பூச்சிக்குக் குடற்புழு மருந்து டாக்டர் தேர்ந்தெடுக்கட்டும், ஐவர்மெக்டின் இதற்குச் சில சமயம் கேட்பதில்லை. உங்கள் வேலை வேறு: தினமும் காலையில் வாலைத் தூக்கி ஈரத் துணியால் ஆசனவாயைச் சுற்றித் துடையுங்கள், துணியை எரித்துவிடுங்கள். சுவரிலும் தொட்டி விளிம்பிலும் ஒட்டிய முட்டை வாய்க்குத் திரும்பிப் போகாமல் தேய்த்துக் கழுவுங்கள்.

10. செய்யவே கூடாதவை

அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்து. மாட்டுக்கும் நாய்க்கும் வாங்கி வைத்தது அலமாரியில் இருக்கும், "பூச்சி மருந்துதானே" என்று அடித்துவிடுவார்கள். குதிரைக்கு அது குடல் இயக்கத்தை நிறுத்திவிடும், சாணம் அடைத்துக் குதிரை செத்தும் போகலாம். பாட்டிலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள்.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவது. ஊசி போட்ட இடத்தில் தசை அழுகும் ஆபத்து உண்டு. குதிரைக்கு இந்த மருந்து வாய் வழியாகத்தான்.

மெடிக்கலில் படர்தாமரைக்கு என்று கொடுக்கும், குளோபீட்டசால் என்னும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், பூஞ்சை அடியில் பரவும். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். மட்டக்குதிரைக்கு, அதிலும் கொழுத்த குதிரைக்கு, குளம்பு அழற்சி வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், ஸ்டீராய்டு அதைத் தூண்டிவிடலாம்.

மண்ணெண்ணெய், வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில். இவற்றை இன்னும் பூசுகிறார்கள். தோல் வெந்துபோகும், அவ்வளவுதான்.

தேய்க்க முடியாதபடி நாள் முழுக்கக் குட்டையாகக் கட்டிப்போடுவது. அரிப்பு போகாமல் தேய்க்கவும் விடாவிட்டால் அது பல்லால் காலைக் கடிக்க ஆரம்பிக்கும். கட்டுவதற்குப் பதில் பனைமரம், முள்வேலி, சொரசொரப்பான கல்தூண் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள்.

11. அடுத்த மூன்று வாரம்

தேய்ப்பது மூன்றிலிருந்து ஐந்து நாளில் தெளிவாகக் குறைய வேண்டும். நோட்டில் தினமும் ஒரு வரி போதும்: காலையில் புதுச் சிராய்ப்பு உண்டா, ஃபேன் ஓடியதா, உறை போட்டதா. செவந்தியின் நோட்டைப் புரட்டினால், கரண்ட் போன இரவுகளுக்கு மறுநாள் காலையில் எல்லாம் புதுச் சிராய்ப்பு எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் வைத்தேன். ஐந்து நாளில் மாற்றமே இல்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள், அல்லது தோலைச் சுரண்டிப் பரிசோதிக்க டாக்டரைக் கேளுங்கள்.

மயிர் முளைக்க வாரங்கள் ஆகும். அதற்குள் வண்டியில் பூட்ட அவசரப்படாதீர்கள். புண்ணோடு விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி இழுக்க வைக்கவும் விதி அனுமதிப்பதில்லை. வியர்வை காயாத தோலில் தோல்வார் உரசினால் எல்லா வேலையும் முதலிலிருந்து.

திரும்பப் பூட்டும் நாளில் கழுத்துப் பட்டையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உப்புப் படிந்து விறைத்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு மிருதுவாக்குங்கள். முதல் நாள் அரை மணி நேரம். கழற்றியதும் வியர்வையைத் தண்ணீரால் அலசிவிட்டு, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீவனம் வையுங்கள்.

பொடிப்பூச்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வருடா வருடம் வரும். வேட்டி உறையைத் துவைத்து மடித்து வையுங்கள். அடுத்த வருடம் பிடரி தேயும் வரை காத்திருக்காமல், புரட்டாசி நடுவில், முதல் மழைக்கு முன்னாலேயே எடுத்துப் போட்டு, ஃபேனையும் ஓடவிடுங்கள்.